அப்பாவின் எக்ஸ்ரே படங்கள் பற்றி அண்ணனுக்கு

லெஸ்டர், இங்கிலாந்து
மார்கழி மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்காக அப்பாவின் வலது நுரையீரலை முழுவதும் எடுத்த பிறகு எடுத்த, நீங்கள் அனுப்பிய மூன்று எக்ஸ்ரே படங்களும் கிடைத்தன. கடைசிப் படத்தில் வலப்பக்கம் முழுவதும் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்து, நோய் திரும்பிவிட்டதோ என்று மைனி கலங்கிப் போயிருப்பதாகச் சொன்னீர்கள். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். களியக்காவிளையில் திருவனந்தபுரம் பஸ் ஏறியதும் நிதானமாக வாசியுங்கள். நான் படம் எடுப்பவள்தான், அறிக்கை எழுதும் மருத்துவர் அல்லள். முடிவு சொல்ல வேண்டியவர் அப்பாவைப் பார்க்கும் டாக்டரே.

குளிர்காலத்தில் இங்கே வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. காலையில் முதல் வேலையாக, சக்கரம் வைத்த எக்ஸ்ரே எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு, நுரையீரல் அறுவை முடிந்தவர்களின் வார்டுக்குப் போகிறேன். அங்குள்ள செவிலியரில் பலர் மலையாளிகள். நம் எல்லைப்புறத்து மலையாளம் எனக்கு இங்கேதான் சோறு போடுகிறது என்று சொல்லலாம். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்தே படம் எடுப்போம். படுத்த நிலையில் எடுத்தால், நுரையீரலை எடுத்த இடத்தில் சேரும் நீர் முதுகுப்புறமாகப் பரவிவிடும். காற்றும் நீரும் சந்திக்கும் மட்டம் கோடாகத் தெரியாது. உங்கள் இரண்டாவது படம் மங்கலாக இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

நுரையீரலை எடுத்த இடம் முதலில் வெறும் காற்றாக, கறுப்பாகத் தெரியும். பிறகு உடலே அங்கே நீரைச் சுரக்கிறது. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு விலா இடைவெளி என்ற கணக்கில் மட்டம் ஏறி, முதல் வாரத்திலேயே ஏறக்குறைய பாதிக்கு மேல் நிரம்பும். முழுவதும் நிரம்பப் பலருக்கு 2 முதல் 4 மாதம் ஆகும். டிரேயில் ஊற்றிய ரப்பர் பால் உறைவதைப் போல அந்த நீரும் நாளடைவில் கெட்டிப்படும். அதே வேளையில் இதயமும் மூச்சுக்குழலும் காலியான பக்கம் நோக்கி மெல்ல நகரும், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் மேலேறும், மிஞ்சிய இடது நுரையீரல் சற்று விரிந்து நடுக்கோட்டைத் தாண்டி எட்டிப்பார்க்கும். ஆகவே வெள்ளை நிறம் மட்டும் பயப்பட வேண்டிய அடையாளமன்று.

எங்கள் பிரிவில் மூத்தவர்கள் ஒரு படத்தைத் தனியாகப் பார்ப்பதே இல்லை. முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் பேசுவார்கள். ஏறிக்கொண்டிருந்த நீர்மட்டம் திடீரென்று இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கினாலோ, நிரம்பிய இடத்தில் மறுபடியும் காற்று தோன்றினாலோ, எடுத்த நுரையீரலுக்குப் போன, தைத்து மூடிய மூச்சுக்கிளையின் (மூச்சுக்குழலின் கிளை) முனை விட்டுப்போய்க் கசிகிறது என்று ஐயப்படுவார்கள். இந்தக் கசிவு வலது நுரையீரல் எடுத்தவர்களிடமே அதிகம் காணப்படுகிறது. இடப்பக்க முனைக்கு மகாதமனியின் (இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாய்) வளைவும் சுற்றியுள்ள திசுக்களும் கொடுக்கும் பாதுகாப்பு வலப்பக்கத்துக்கு இல்லை. அதனால்தான் இதை விரித்து எழுதுகிறேன்: அப்பா படுத்திருக்கையில் தண்ணீர்போலவோ செந்நிறமாகவோ சளி நிறைய வந்தால், தலையை உயர்த்தி, வலப்பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த நீர் நல்ல நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. இதயமும் மூச்சுக்குழலும் அறுவை செய்த பக்கம் நகராமல் எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டால், உள்ளே இரத்தமோ சீழோ நிணநீரோ வேகமாகச் சேர்கிறது என்று பொருள். சீழ் பிடிப்பது ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஆகவே குளிர்காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் மிஞ்சிய நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கொடியது. அந்தக் கட்டத்தை அப்பா தாண்டிவிட்டார்.

நோய் திரும்பியிருக்கிறதா என்ற கேள்விக்கு எக்ஸ்ரேயை நம்ப முடியாது. வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும் கட்டியும் வெள்ளையே. சி.டி. ஸ்கேனில்தான் நீரும் திசுவும் பிரிந்து தெரியும். வெட்டிய முனையருகே புதிதாகப் புடைப்பு உண்டா, நிணநீர்க் கணுக்கள் வீங்கினவா என்று பார்ப்பார்கள். உடலில் சுறுசுறுப்பாக இயங்கும் திசுக்களை ஒளிரச் செய்து காட்டும் பெட் ஸ்கேன் உடனே வேண்டும் என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். ஆறிக்கொண்டிருக்கும் காயமும் அதில் ஒளிர்ந்து வீண் பீதியைக் கிளப்பும்.

ஒரு செய்தியை அப்பாவிடம் சொல்லுங்கள். 1933-இல் அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய்க்காக ஒரு நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் வெற்றிகரமாக எடுத்தார். அந்த நோயாளியும் ஒரு டாக்டர்தான்; 1963 வரை உயிரோடு இருந்தார்.

இங்கே எல்லாப் படங்களும் கணினியில் வரிசையாக நிற்பதால் நோயாளி கையில் எதுவும் தூக்கிவர வேண்டியதில்லை. நமக்கு அந்த வசதி இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பழைய படங்கள், ஸ்கேன் பதிந்த குறுந்தட்டு, டிஸ்சார்ஜ் தாள் அனைத்தையும் தேதி எழுதி ஒரே உறையில் போடுங்கள்; வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம், நீர்மட்டம் முந்தைய படத்தைவிட ஏறியதா, மூச்சுக்குழல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற இரண்டையும் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள். மைனிக்கும் இக்கடிதத்தை வாசிக்கக் கொடுங்கள்.

அன்புத் தங்கை