கழுத்து ஸ்கேன் செய்யும் மருத்துவமனைகளின், ஸ்கேன் மையங்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் கழுத்துத் தமனி ஸ்கேனையும் (மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துக் குழாயின் சுவரைப் பார்த்து இதயநோய் அபாயத்தை அறிய எடுப்பது) சேர்த்து நீங்கள் வழங்கும் அறிக்கைகளுடன் விளக்கம் கேட்டு வருவோரை நாள்தோறும் பார்க்கும் பொது மருத்துவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் 52 வயதுடைய ஒருவர் வந்தார். பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பீடியை விட்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. 'தமனிச் சுவர்த் தடிப்பு 0.8 மி.மீ., இயல்பு' என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு, இனிப் பயமில்லை என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்தியிருந்தார். வேறோரிடத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் 2 மி.மீ. தடிப்பில் ஒரு கொழுப்புப் படிவு உள்நோக்கிப் புடைத்திருந்தது. முதல் அறிக்கையில் இருந்த அளவு சரியானதே. சுவர்த் தடிப்பை வழக்கமாக அந்தப் பிரிவுக்குச் சற்றுக் கீழே, தமனி நேராக ஓடும் பகுதியில் அளக்கிறோம்; படிவோ இரத்த ஓட்டம் சுழன்று தடுமாறும் பிரிவிடத்தில்தான் முதலில் சேர்கிறது. அந்த இடத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்குச் சுவர் சராசரியாக 0.95 மி.மீ., இல்லாதவர்களுக்கு 0.74 மி.மீ. என்று சென்னையில் நடந்த ஆய்வொன்று 2000இல் காட்டியது. இரு கூட்டங்களை ஒப்பிட இந்த அளவு உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் கருவியைப் பிடிக்கும் கை சற்றுச் சாய்ந்தாலே பத்தில் ஒரு மி.மீ. மாறிவிடக்கூடிய எண்ணை வைத்து, எதிரில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு மாரடைப்பு வருமா என்று கணிப்பது வேறு வேலை. நாற்பத்தைந்தாயிரம் பேருக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2012இல் வந்த ஆய்வு, வயது, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை ஆகியவற்றைக் கொண்டு போடும் இதயநோய் அபாயக் கணக்கோடு இந்தத் தடிப்பைச் சேர்ப்பதால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது என்றது. 2010இல் இந்தத் தடிப்பு அளவை ஏற்றிருந்த அமெரிக்க இதய அமைப்புகள், 2013இல் வழக்கமான பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று மாற்றிக்கொண்டன. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இதயத் தமனியின் சுண்ணாம்புப் படிவை சி.டி. ஸ்கேனில் பார்க்க வழியில்லாதபோது, கழுத்தில் படிவு உண்டா என்று பார்ப்பதை மாற்றாக ஏற்கிறது.

படிவைக் கண்டால் மட்டும் போதாது. அதை உரியவருக்குக் காட்டவும் வேண்டும். சுவீடனின் வெஸ்டர்போட்டன் பகுதியில் மூவாயிரத்து ஐந்நூறு பேருக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பாதியினருக்கும் அவர்களின் மருத்துவர்களுக்கும் ஸ்கேன் முடிவைப் படமாக அனுப்பினார்கள். படிவு இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. சில வாரங்களில் செவிலியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து விளக்கினார். ஓராண்டு கழித்து, படம் பெறாதவர்களைவிட இவர்களின் இதயநோய் அபாயக் கணக்கு குறைந்திருந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள்.

ஆகவே அறிக்கையில் படிவு உண்டா இல்லையா, எந்தப் பக்கம், எந்த இடம், எவ்வளவு தடிப்பு என்பவற்றை எழுதுங்கள், படத்தையும் இணையுங்கள். படிவு என்றதும் 'பிளாக்' என்று புரிந்துகொண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பணம் புரட்டத் தொடங்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். படிவு வேறு, அடைப்பு வேறு என்று அங்கேயே ஒருவர் சொல்லி அனுப்பட்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்து மருந்து எடுப்பவருக்கு, அவரது அபாயத்தை அறிவதற்கென்று இந்த ஸ்கேன் தேவையில்லை. அவரிடம் அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள்.

நான் சொன்னவர் இரண்டாவது அறிக்கையின் படத்தில் அந்தப் புடைப்பின்மீது விரலை வைத்து, "இதுவா டாக்டர்?" என்று கேட்டார். அன்றிரவே மாத்திரையை மறுபடி போட்டுக்கொண்டார்.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்