காலியாகத் தெரியும் சேனலை நம்பாதே

தஞ்சாவூர்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்து விடுகிற விஷயத்தில் மட்டும் அவர்களை நம்பாதே, நீயே பக்கத்தில் நின்று விடு. இங்கே சின்னவள் கும்பகோணத்தில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருகிறாள். மாடித் தோட்டத்தில் இந்த வருஷம் கத்தரி மட்டும்தான் உருப்படியாகக் காய்த்தது.

சரி, உன் இன்டர்நெட் புலம்பலுக்கு வருகிறேன். ராத்திரி எட்டு மணியானால் அண்ணனுடைய ஆபீஸ் மீட்டிங் திக்குகிறது, கார்த்திக்கின் வகுப்பு பாதியில் உறைந்து நிற்கிறது, கனெக்‌ஷன் கொடுத்தவர்களைக் கேட்டால் பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்கு மாறாதே. விடுதி வைஃபையைக் கட்டிக்கொண்டு அழும் வேலையில் இருப்பவள் என்பதால் இதே புகாரை நான் தினமும் கேட்கிறேன். பாதி நேரம் லைன் ஒழுங்காகத்தான் இருக்கும்.

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பார். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டை, அதாவது கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, பிங் (ping) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடு. முகவரி ரவுட்டருக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கடைசியில் ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, ஆங்கில t எழுத்து சேர்த்தால், ரவுட்டரைக் கூப்பிட்டுப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீ நிறுத்தும்வரை காட்டிக்கொண்டே இருக்கும். இதை எட்டு மணிக்கு மேல், மீட்டிங் திக்கும் நேரத்திலேயே செய். பதில் வரும் நேரம் சில மில்லிசெகண்டுகளிலேயே நின்றால் வைஃபை நன்றாக இருக்கிறது. அப்போது தைரியமாக அந்தக் கம்பெனியோடு சண்டை போடு. அது 3, 5 என்று போய்விட்டுத் திடீரென 200, 400 என்று எகிறினாலோ பதிலே வராமல் போனாலோ, தடுமாற்றம் உன் வீட்டுக்குள்ளேயே, ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நடக்கிறது. எவ்வளவு பெரிய பிளான் வாங்கினாலும் அது தீராது.

நீ சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. மூன்று பக்கமும் வீடு, மேலே வீடு, கீழே வீடு. எட்டு மணிக்கு எல்லோரும் வேலை முடிந்து வந்து டிவியில் படம் போட்டுவிடுகிறார்கள். அத்தனை ரவுட்டரும் ஒரே சின்ன இடத்தில் அடித்துக்கொள்கின்றன.

அந்த இடம் எவ்வளவு சின்னது என்று கேட்டால் நீ சிரிப்பாய். பழைய வைஃபை ஓடுவது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையில். 2.4 கிகாஹெர்ட்ஸ், சுருக்கமாக 2.4 என்று சொல்வது இதைத்தான். நம் நாட்டில் 2005இல் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தார்கள், அதனால்தான் ஆளாளுக்கு ஒரு ரவுட்டர் வைக்க முடிகிறது. இதற்குள் 1 முதல் 13 வரை சேனல்கள், அதாவது வைஃபை உட்காரும் இடங்கள், இருக்கின்றன. பதின்மூன்று இருக்கிறதே, தாராளம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். ஒரு வைஃபை உட்காரவோ சுமார் 20 வேண்டும். ஒன்றை ஒன்று மிதிக்காமல் உட்கார வேண்டுமென்றால் 1, 6, 11 என்று மூன்றுதான் தேறும்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பார்ப்பார்கள். 1இல் ஒரு கூட்டம், 6இல் ஒரு கூட்டம், நடுவில் 3 காலியாகத் தெரியும். உடனே 3க்கு மாற்றிவிடுவார்கள். சேனல் 3 கீழே 1இன் மேலும் காலை நீட்டும், மேலே 6இன் மேலும் நீட்டும். இரண்டு கூட்டத்தின் இரைச்சலும் வந்து சேரும்.

அதைவிட 6இலேயே கூட்டத்தோடு கூட்டமாக உட்காருவது மேல். ஏன் தெரியுமா? நம் பள்ளிக்கூடத்தில் நீள ஓட்டுக் கட்டடத்தில் நடுவே தட்டி வைத்து ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் பிரித்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? வகுப்புக்குள் ஒருத்தி பேசி முடித்தபின் இன்னொருத்தி பேசினாள், மெதுவாகவாவது பாடம் நடந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு கத்த ஆரம்பித்தால் நமக்கு ஒன்றும் புரியாது, அவர்களும் நமக்காக நிறுத்த மாட்டார்கள். வைஃபையும் அப்படித்தான். ஒரே சேனலில் இருக்கும் கருவிகள் பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். வேறொரு வைஃபை மிக மெலிதாகப் பேசினாலும் அடையாளம் கண்டு காத்திருக்கும். அரைகுறையாக மேலே விழும் சேனலிலிருந்து வருவது அதற்கு வெறும் இரைச்சல். வெறும் இரைச்சல் என்றால் கிட்டத்தட்ட நூறு மடங்கு பலமாக இருந்தால்தான் ஒதுங்கும். அதற்குக் குறைவாக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டும் கெட்டு, இரண்டும் மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும்.

அதனால் ஆப்பில் 1, 6, 11 மூன்றை மட்டும் பார். எத்தனை பெயர் தெரிகிறது என்று எண்ணாதே, எவ்வளவு பலமாக இருக்கிறது என்று பார். அதில் மைனஸ் கணக்கு. மைனஸ் 45 என்றால் சுவரை ஒட்டிய வீடு, மைனஸ் 85 என்றால் எங்கோ ரெண்டு மாடி தள்ளி. தூரத்து ஆறு பேரைவிட பக்கத்துச் சுவர்க்காரர் ஒருவர் அதிகத் தொல்லை. ஆனால் அந்தப் பக்கத்து வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்து, வாட்ஸப்போடு நிறுத்திக்கொள்பவர்கள் என்றால் அதுதான் உனக்கு நல்ல சேனல். யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பது ஆப்புக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். ஆளே இல்லாத ரவுட்டர்கூட நொடிக்குப் பத்துத் தடவை போலத் தன் பெயரை அறிவித்துக்கொண்டிருக்கும். அதனால் விருந்தாளிக்கு என்று தனி வைஃபை பெயர் ஓடிக்கொண்டிருந்தால், தேவையில்லாதபோது அணைத்துவிடு.

ஆட்டோ என்று விட்டிருக்கிறோமே, அதுவே பார்த்துக்கொள்ளாதா என்று அண்ணன் கேட்பார். பல மலிவு ரவுட்டர்கள் கரண்ட் வரும்போது ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருப்பதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்திருந்தால், ஊரே தூங்குகிற நேரத்தில் எடுத்த முடிவுதான் ராத்திரிக்கும். நீயே ராத்திரி பார்த்துக் கையால் போட்டுவிடு. சேனல் அகலம் என்று ஓர் அமைப்பு இருக்கும். 2.4இல் அதை 20இலேயே வை. 40 போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டும். அத்தனை வீட்டுக்கு நடுவில் இரட்டிப்பாவது சண்டைதான்.

ஆப்பின் கண்ணில் படாத ஒரு எதிரி உன் சமையலறையில் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவது 2450 மெகாஹெர்ட்ஸில், அதாவது இதே வரிசையின் நடுவில். உன் ரவுட்டர் வெளியிடுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு மாதிரி. அடுப்புக்குள் எழுநூறு எண்ணூறு வாட். கதவிடுக்கில் கசிவது நம் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வைஃபைக்குப் போதும். சாதாரண மாடல் அடுப்பு நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டோடு சேர்ந்து ஒரு நொடியில் ஐம்பது தடவை எரிந்து அணைவதால், வைஃபை இடைவெளியில் புகுந்து நொண்டி நொண்டி ஓடும், முழுதாகச் சாகாது. பால் காய்ச்சும்போது மீட்டிங் திக்குகிறதா என்று கவனி.

இவ்வளவும் 2.4ஐக் காப்பாற்றும் வைத்தியம். உண்மையில் நான் உன் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக அண்ணன் லேப்டாப்பையும் கார்த்திக்கின் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸ் என்கிற இன்னொரு அலைவரிசைக்கு மாற்றிவிடுவேன். அங்கே இடம் ஏராளம், 2018இல் நம் அரசு இன்னும் தாராளமாகத் திறந்துவிட்டது. மைக்ரோவேவ், ப்ளூடூத் தொல்லை இல்லை. சுவரைத் தாண்டினால் சட்டென்று பலம் குறைகிறது என்று அதைக் குறையாகச் சொல்வார்கள். அடுக்குமாடியில் அது வரம். பக்கத்து வீட்டுக்காரரின் வைஃபையும் உன் வீட்டுக்குள் அவ்வளவாக வராதே!

பல ரவுட்டரில் 2.4க்கும் 5க்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். பிரித்து வேறு பெயர் கொடு, இல்லையென்றால் லேப்டாப் பழைய பழக்கத்தில் 2.4இலேயே ஒட்டிக்கொள்ளும். சேனல் 36 முதல் 48 வரை ஒரு குழு, 149 முதல் 161 வரை இன்னொன்று. அகலம் 80 வைத்தால் ஒரு குழு முழுவதையும் நீயே பிடித்துக்கொள்வாய். நெரிசலான கட்டடத்தில் 40 போதும். அண்ணனின் மீட்டிங்குக்கு அதில் கால்வாசிகூடத் தேவையில்லை. 52 முதல் 144 வரை நடுவில் இருப்பவை ராடாரோடு பங்குபோடும் இடம். அங்கே போக ரவுட்டர் ஒரு நிமிஷமாவது கேட்டுப் பார்க்க வேண்டும், ராடார் சத்தம் கேட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வெறும் சம்பிரதாயம் இல்லை இது. ப்யூர்ட்டோ ரிக்கோவில் சான் ஹுவான் விமான நிலையத்து வானிலை ராடாரின் திரையையே இந்த மாதிரி ரேடியோக்கள் கெடுத்த கதை 2009இல் நடந்தது. மீட்டிங் நடுவில் ரவுட்டர் தாவ வேண்டாமென்றால் நீ அந்தப் பக்கம் போகாதே.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று நீ எழுதவில்லை. டிவிக்குப் பின்னாலோ ஸ்டீல் பீரோ ஓரமாகவோ இருந்தால், மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் அதை வெளியே எடுத்து உயரமாக வை. டிவிக்கும் அண்ணன் மேஜைக்கும் கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடு. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் காற்றில் இரண்டு பேர் குறைவார்கள்.

உங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் இதையும் ஒரு விஷயமாக எடுத்துப் பேசலாம். தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட்டுக்கும் சண்டை போடுகிற நேரத்தில், நடுச் சேனல்களில் இருப்பவர்கள் 1, 6, 11க்கு வரட்டும், 40 அகலத்தைக் குறைக்கட்டும் என்று கேள். நீ ஒருத்தி மட்டும் மாற்றினால் உனக்குக் கொஞ்சம் நன்றாகும். நாலு பேர் மாற்றினால் அந்த மாடி முழுவதுக்கும் நன்றாகும். காசு செலவும் இல்லை. சிலர் 1, 5, 9, 13 என்று நாலாகப் பிரிக்கலாம் என்பார்கள். கணக்கு சரிதான், ஆனால் கட்டடம் முழுக்க ஒப்புக்கொண்டால்தான் பலிக்கும், அமெரிக்காவில் வாங்கிய சில கருவிகளுக்கு 13 கண்ணுக்கே தெரியாது.

கார்த்திக்கின் வயர்லெஸ் மவுஸ் துள்ளுகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அது வேறு கதை. யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஓடும்போது 2.4 பக்கம் இரைச்சல் கிளம்பும். இன்டெல்லே 2012இல் இதை எழுதி வெளியிட்டிருக்கிறது. மவுஸின் குட்டி டாங்கிளை ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்து ஓட்டையில் செருகாமல், ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வைக்கச் சொல்.

எட்டு மணிக்கு மேல் அந்த ஆப் காட்டுவதைப் படம் பிடித்து, பிங் கணக்கோடு எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. சேனலை நான் பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருகிறீர்களா என்பதற்கு மட்டும் நீ இன்னும் பதில் எழுதவே இல்லை. டிக்கெட் இப்போதே போட்டுவிடு. அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா