சிவாவுக்கு, சண்டைப் பந்தயம் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. கனடாவில், ஸ்காபரோவில் பனி தொடங்கிவிட்டது என்கிறாய். இங்கே பின்னேரமானால் மழை, காலி வீதியில் வாகனம் நகராது. வீட்டில் எல்லோரும் சுகம்.

எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டையிலும் குத்துச்சண்டையிலும் யார் வெல்வார் என்று காசு கட்டும் பந்தயத்தில் நீண்ட காலத்துக்கு இலாபம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். மிகச் சிலரால் முடியும். நீ அந்தச் சிலரில் ஒருவனா என்பதை வரவு செலவை வைத்து உன்னால் அறிய முடியாது. சிக்கலே அதுதான்.

முதலில் விலை. ஒருவனுக்கு 1.33, எதிராளிக்கு 3.50 என்றால், 1 டொலர் கட்டி வென்றால் போட்டதும் சேர்த்து அவ்வளவு திரும்பி வரும். விலைக்குள் இருக்கும் வெற்றி வாய்ப்பை அறிய 1ஐ அந்த எண்களால் பிரி: 75.2 வீதம், 28.6 வீதம். கூட்டினால் 103.8. நூறுக்கு மேலுள்ளது புக்கியின், அதாவது பந்தயம் எடுக்கும் நிறுவனத்தின், வெட்டு. அதை இரு பக்கத்திலும் விகிதப்படி கழித்தால் சந்தை சொல்வது 72.5க்கு 27.5. உன் கணிப்பு இதைவிடச் சரியாக இருக்க வேண்டும், அதுவும் வெட்டைத் தாண்டும் அளவுக்கு. எந்த முறையில் வெல்வான், எத்தனையாவது சுற்றில் என்ற பந்தயங்களில் எல்லாப் பக்கத்தையும் கூட்டிப் பார். 115, 120 வருவது சாதாரணம். ஐந்து சண்டைகளை ஒன்றாகக் கோர்க்கும் பார்லேயில், ஒவ்வொன்றிலும் 4.5 வீத வெட்டு என்றால் மொத்தமாக ஏறத்தாழ 20 வீதம் போய்விடும். இரண்டையும் தொடாதே.

இனி நீ கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கணக்கு. உனக்கு உண்மையிலேயே 3 வீத மேன்மை, அதாவது போடும் 100 டொலருக்குச் சராசரியாக 3 டொலர் இலாபம், இருக்கிறதென்று வை. விலை 2.00 அளவில், ஒவ்வொரு முறையும் ஒரே தொகை, அதை ஓர் அலகு என்போம். 100 பந்தயத்தில் எதிர்பார்க்கும் இலாபம் 3 அலகு. நியம விலகலோ, அதாவது அதிர்ஷ்டத்தால் மட்டும் முடிவு மேலும் கீழும் ஆடும் வழக்கமான அளவோ, 10 அலகு. 1,000 பந்தயத்தில் இலாபம் 30, விலகல் 31.6. இலாபம் விலகலைப் போல இரு மடங்காக ஏறத்தாழ 4,400 பந்தயம் வேண்டும். எம்.எம்.ஏ.யின் பெரிய அமைப்பான யூ.எஃப்.சி.யில் வருடத்துக்கு 500 சண்டை அளவில்தான் நடக்கிறது. அதில் 100ஐத் தெரிவு செய்தாலும் 44 வருடம்! புக்கியின் வெட்டே இல்லாமல் நாணயம் சுண்டிப் போடுபவர்களிலும், 100 பந்தயத்தின் முடிவில் ஏறத்தாழ ஐந்தாறு பேரில் ஒருவர் 10 அலகோ அதற்கு மேலோ முன்னுக்கு நிற்பார். உன் நண்பர் மூன்று மாதமாக வென்று வருவதாக நீ எழுதியிருந்ததை நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

அதனால் பணத்தை விட்டுவிட்டு, மூடும் விலையைப் பார். சண்டை தொடங்கும் நேரத்து விலையில் எல்லோருடைய தகவலும் சேர்ந்திருக்கும். நீ 2.50க்கு எடுத்தது 2.20க்கு மூடி, எதிர்ப்பக்கம் 1.71 என்றால், வெட்டைக் கழித்து உன் ஆளுக்கு 43.7 வீதம். 2.50ஆல் பெருக்கு: 100 டொலருக்கு 109 பெறுமதி. தோற்றாலும் அது நல்ல பந்தயம். 150, 200 பந்தயத்தில் இந்தச் சராசரி 100க்குக் கீழே நின்றால், வென்ற பணம் எவ்வளவாக இருந்தாலும் நிறுத்து. சிறிய சண்டைகளில் மூடும் விலையும் அவ்வளவு கூர்மை இல்லைதான். ஆனாலும் இதைவிட நல்ல அளவுகோல் உன் கைக்கு எட்டாது.

அதிர்ச்சி முடிவுகளிலிருந்து தவறான பாடம் படிக்காதே. 1990இல் டோக்கியோவில் குத்துச்சண்டைச் சாம்பியன் டைசனை டக்ளஸ் வீழ்த்தியபோது டக்ளஸின் விலை 42க்கு 1, அதாவது 1 டொலருக்கு 42 டொலர் இலாபம். அதற்கு 2.3 வீத வாய்ப்பு இருந்தாலே போதும், விலை நியாயமானது. ஒரு முடிவை வைத்து விலை பிழை என்று சொல்ல முடியாது. 2019இல் இன்னொரு குத்துச்சண்டைச் சாம்பியன் ஜோஷுவாவை வென்ற ரூயிஸ் வேறு மாதிரி. குறுகிய அறிவிப்பில் மாற்றாளாக வந்தவர். பலர் அவருடைய வயிற்றைப் பார்த்தார்கள், கை வேகத்தைப் பார்க்கவில்லை. மேன்மை இருந்தால் இப்படியான மாற்றாள் சண்டைகளிலும், கிழமைத் தொடக்கத்தில் விலை திறக்கும் கீழ்வரிசைச் சண்டைகளிலும்தான் இருக்கும். பெரிய சண்டையில் உனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும். லாஸ் வேகாஸில் யூ.எஃப்.சி. எடை நிறுப்பு வழக்கமாக வெள்ளி காலை, அங்கத்தைய நேரம் 9 மணிக்கு. யாராவது எடை தவறினால் நீ திரையைத் திறக்கும் முன்பே விலை நகர்ந்திருக்கும்.

மறைந்த தகவல் இன்னும் மோசம். 2022 நவம்பரில் யூ.எஃப்.சி.யின் ஒரு சண்டைக்குச் சில மணி நேரம் முன் விலை சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. மற்றப் பக்கத்து வீரர் காயத்தை மறைத்திருந்தார். முதல் சுற்றிலேயே தோற்றார். அதையொட்டி உங்கள் ஒன்ராறியோவே சில கிழமை யூ.எஃப்.சி. பந்தயத்தை நிறுத்தி வைத்தது. ஜிம்முக்குள் இருப்பவனுக்குத் தெரிந்தது வீடியோ பார்ப்பவனுக்குத் தெரியாது.

எவ்வளவு போடுவது? கையிருப்பில் எத்தனை வீதம் போடலாம் என்று சொல்லும் கெல்லி சூத்திரப்படி, 2.50 விலைக்கு உன் கணிப்பு 44 வீதம் என்றால், கையிருப்பில் 6.7 வீதம். உன் கணிப்பில் பிழை இருக்கும், ஆகவே அதில் கால்வாசி: 1.7 வீதம். 44 என்பது உண்மையில் 40 என்றால் மேன்மையே இல்லை, முழுக் கெல்லி உன்னைக் கரைத்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பதைப் பார். 5,000 டொலர் கையிருப்பு, பந்தயத்துக்கு 50 டொலர், வருடத்துக்கு 100 பந்தயம், 3 வீதம்: 150 டொலர். கிழமைக்குப் பத்து மணி நேரம் சண்டை பார்த்தால் மணிக்கு 30 சதம்கூட இல்லை. நீ உண்மையிலேயே நல்லவன் என்று கண்டால் பல புக்கிகள் நீ போடக்கூடிய உச்சத் தொகையைச் சில டொலர்களுக்கு இறக்கிவிடுவார்கள். தோற்பவனுக்கு அந்தத் தடை இல்லை.

என்னையும் பங்குக்கு அழைத்திருந்தாய். இங்கிருந்து வெளிநாட்டுக்குக் காசு அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குள் வரும். அதைத் தாண்டினாலும் காசு மாற்றும் செலவே அந்த 3 வீதத்தைத் தின்றுவிடும். நான் சேரவில்லை.

உன் கடிதத்தில் கடன் அட்டை என்ற சொல் இருந்தது. உடனே எழுத உட்கார்ந்தது அதனால்தான். கடன் காசில் ஒரு சதமும் போடாதே, மச்சான். தை மாதம் வரை காசே இல்லாமல் ஒரு தாளில் மட்டும் எழுது: திகதி, விலையைப் பார்க்கும் முன் உன் கணிப்பு, எடுத்திருக்கக்கூடிய விலை, இரு பக்கத்து மூடும் விலை, முடிவு. கணிப்பை முதலில் எழுது. விலையைப் பார்த்த பிறகு எழுதினால் மனம் அதன் பக்கமே சாயும். அந்தத் தாளை எனக்கு அனுப்பு, நான் வரிவரியாகப் பார்த்து எழுதுகிறேன்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குகன்