செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கல்லூரி மகளிர் கூடைப்பந்து முன்னாள் வீராங்கனைகள் மன்றம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் மூத்த அக்காமார்களுக்கும், இந்நாள் அணியின் தங்கைகளுக்கும் வணக்கம். 2024 ஜூன் முதல் 2025 மே வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஆகஸ்ட் 29, தேசிய விளையாட்டு தினத்தன்று முன்னாள்–இந்நாள் காட்சி ஆட்டம் நடந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல் மைதானத்திலேயே நடந்தது. வெளிர் மஞ்சளிலும் கருநீலத்திலுமாக இரண்டு செட் ஜெர்சி வாங்கினோம். அட்டவணையில் முதலில் பெயர் வரும் அணி வெளிர் நிறம் அணிய வேண்டும் என்பது விதி. ஒரே செட்டை வைத்துக்கொண்டு இனிப் பிறரிடம் இரவல் கேட்க வேண்டியதில்லை.

ஆட்ட முடிவுகளுக்கு வருகிறேன். நம் அணி இந்த ஆண்டு ஆடியது 10 ஆட்டம், வென்றது 1. நாக்-அவுட் போட்டிகள் நான்கிலும் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். அதில் ஒன்று 61–22. இந்த எண்ணிக்கையைக் கேள்விப்பட்டுச் சிலர் என்னிடம் வருத்தப்பட்டீர்கள், சிலர் பயிற்சியைக் குறை சொன்னீர்கள். அணி ஏன் தோற்றது என்பதை ஆட்டத்தாள்களை வைத்தே விளக்க விரும்புகிறேன், அதனால் இந்தப் பகுதி சற்று நீளும்.

கல்லூரி அளவில் பெரும்பாலான போட்டிகள் நாக்-அவுட். முதல் சுற்றில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நல்ல அணி ஒரே போட்டியில் நான்கு ஆட்டம் ஆடித் தேறுகிறது. நலிந்த அணி விடியற்காலையில் வேன் ஏறிப் போய் 40 நிமிடம் ஆடிவிட்டுத் திரும்புகிறது. அதிகம் ஆட வேண்டிய அணிக்குத்தான் ஆட்டம் குறைவு. இதில் நம் காலமும் குறுகல். முதலாண்டு சேர்க்கை முடிந்து புதுப் பிள்ளைகள் மைதானத்துக்கு வர ஆகஸ்ட் ஆகிவிடும். செப்டம்பரிலேயே கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் தொடங்கிவிடும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு. பள்ளியில் நன்றாக ஆடிய பெண்கள் கட்டணச் சலுகையும் விடுதியும் தரும் சென்னை, கோவைக் கல்லூரிகளுக்குப் போய்விடுகிறார்கள். நம்மிடம் வருபவர்களில் பாதிப்பேர் பந்தை முதன்முதலாகக் கையில் எடுப்பதே இங்குதான். அவர்களுக்குத் தேவை ஆட்டம், மேலும் ஆட்டம்.

அதற்காகத்தான் சனிக்கிழமை லீக்கை நான் செயற்குழுவில் முன்மொழிந்தேன். 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் மூன்று கல்லூரிகளைச் சேர்த்து நான்கு அணி. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றுடன் இரண்டு முறை மோதினால் மொத்தம் 12 ஆட்டம். சனிக்கு இரண்டு வீதம் ஆறு சனிக்கிழமையில் முடிந்துவிடும். நான்கு அணிகளும் ஒரே மைதானத்தில் கூடுவதால் நடுவர்கள் இருவர் இரண்டு ஆட்டத்தையும் பார்த்துவிடலாம், பயணப்படி ஒரு முறைதான். முதல் ஆட்டம் காலை 7 மணி, அடுத்தது 8.45. பத்தரைக்கு மேல் சிமெண்ட் தரை காலில் சுடும், அதற்குள் முடிந்தாக வேண்டும். ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் முதல் வாரத்தில் முடித்தோம். "தோற்கும் அணிக்கு லீக் எதற்கு" என்று கேட்டவர்கள் உண்டு. நாக்-அவுட்டில் நான்கு ஆட்டம் மட்டுமே கிடைத்த அணிக்கு இதில் ஆறு ஆட்டம் கிடைத்தது என்பதே என் பதில்.

லீக்குக்கு நடுவர்கள் மட்டும் போதாது, மேசைக்கு நான்கு பேர் வேண்டும்: ஸ்கோர் எழுத ஒருவர், அவருக்கு உதவியாக ஒருவர், டைமர், 24 நொடிக் கடிகாரத்துக்கு (பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் ஷாட் எறிந்தாக வேண்டும்) ஒருவர். எதுவும் பெரிய வித்தையில்லை. எதிரணி வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைத் தாக்கும் அணியே மீண்டும் எடுத்தால் 24 அல்ல, 14 என்று நினைவிருக்க வேண்டும். நம்மிடம் மின்கடிகாரம் இல்லாததால் ஸ்டாப் வாட்சும் விசிலும் வைத்துக்கொண்டு கடைசி 10 நொடியைச் சத்தமாக எண்ண வேண்டும். ஃபவுல் எண் காட்டும் பலகைகளை ஃபோம் ஷீட்டில் வெட்டி, 1 முதல் 4 வரை கறுப்பிலும் 5 மட்டும் சிவப்பிலும் எழுதி வைத்திருந்தோம். பந்து யாருக்கு என்று காட்டும் அம்புக்குறியும் அப்படியே தயாரானது.

ஆறு சனிக்கிழமைக்கு, நாளுக்கு நான்கு பேர் வீதம், 24 இடம். டிசம்பர் கூட்டத்தில் கை தூக்கியவர்களை வைத்துப் பட்டியல் போட்டபோது எல்லா இடமும் நிரம்பியிருந்தது. உறுப்பினர்கள் உண்மையில் வந்து உட்கார்ந்தது ஒன்பது இடத்தில்தான். மீதியை அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்த பிள்ளைகளே பார்த்தார்கள். வார்ம்-அப் செய்ய வேண்டிய பெண் ஸ்கோர் ஷீட்டில் குனிந்திருந்துவிட்டு, அப்படியே எழுந்து கோர்ட்டுக்குள் இறங்கினாள். ஒரு சனிக்கிழமை உடற்கல்வி இயக்குநரே டைமர் பார்த்ததால், டைம்-அவுட்டில் நம் பெஞ்சில் சொல்லித்தர ஆளில்லை. நம் மாநிலத்திலிருந்து போய் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து குவிந்தது. அதே குழுவில் வெள்ளிக்கிழமை இரவு "நாளை மேசைக்கு யார்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. குடும்பம், வேலை, பிள்ளைகளின் தேர்வு எல்லோருக்கும் உண்டு என்பது தெரியும். வர முடியாவிட்டால் முந்தின நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் மாற்று ஏற்பாடு செய்திருக்கலாம்.

இனி ஆட்டத்தாள்கள் சொல்வது. ஸ்கோர் ஷீட்டின் மஞ்சள் நகல் தோற்ற அணிக்கு, ரோஸ் நகல் வென்ற அணிக்கு. முன்பெல்லாம் மஞ்சள் தாளை வேனிலேயே விட்டுவிட்டு வருவோம். இந்த ஆண்டு ஒன்பது மஞ்சளையும் ஒரு ரோஸையும் கோப்பில் சேர்த்து, வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். முதல், மூன்றாம் குவார்ட்டரைச் சிவப்பிலும் இரண்டாம், நான்காம் குவார்ட்டரை நீலத்திலும் எழுதுவதால் எங்கே சரிந்தோம் என்பது பார்த்ததும் தெரிகிறது. முதல் ஐந்து ஆட்டங்களின் மூன்றாம் குவார்ட்டரில் நாம் போட்டது மொத்தம் 19 புள்ளி, வாங்கியது 84. இடைவேளை வரை ஏழெட்டுப் புள்ளி பின்தங்கியிருந்த ஆட்டங்கள்கூட அந்தப் பத்து நிமிடத்தில் கைவிட்டுப் போயின.

காரணம் பெஞ்ச். விதிப்படி 12 பேர் கொண்டு போகலாம். நாம் கொண்டு போனது ஆறு, ஏழு. ஆறு பேரில் ஒருத்திக்கு மூன்று ஃபவுல் விழுந்துவிட்டால் அவள் அதன்பின் கை நீட்டவே தயங்குவாள், ஐந்தானால் வெளியேற வேண்டும். ஃபவுலுக்குப் பயந்து 2–3 ஜோனுக்கு, அதாவது முன்னால் இருவரும் பின்னால் மூவருமாக நின்று ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் முறைக்கு, மாறுகிறோம். ஜோனில் ஓட்டம் குறைவு, ஆனால் ரீபவுண்ட் (விழாமல் திரும்பி வரும் பந்து) போய்விடும். ஆளுக்கு ஆள் காக்கும் மேன்-டு-மேனில் ஷாட் கிளம்பியதும் தன் ஆள் பக்கம் திரும்பி முதுகால் மறித்தால் போதும். ஜோனில் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தேடிப் பிடித்து மறிக்க வேண்டும். களைத்த கால் அதைச் செய்யாது, நின்று பந்தைப் பார்க்கும். எதிரணிக்கு இரண்டாவது ஷாட், மூன்றாவது ஷாட் கிடைக்கும். கடைசியில் தடுக்க ஓடி ஃபவுல் செய்வோம். குவார்ட்டரில் ஐந்தாவது டீம் ஃபவுலிலிருந்து (அணியில் எல்லோருடையதும் சேர்த்து) ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு. ஓர் ஆட்டத்தை, இருவர் ஐந்து ஃபவுலில் வெளியேறிய பின், நான்கு பேராகவே ஆடி முடித்தார்கள் நம் பிள்ளைகள். அந்த நால்வரும் கடைசி விசில் வரை ஓடினார்கள் என்பதை இந்த அவை அறிய வேண்டும்.

அடுத்தது பிரஸ். நாம் தடுமாறுவது தெரிந்ததும் எல்லோரும் முழுக் கோர்ட் பிரஸ் போட்டார்கள், அதாவது கோர்ட் முழுவதும் நெருக்கித் தடுத்தார்கள். எண்ட் லைனிலிருந்து பந்தை உள்ளே தர 5 நொடி, பாதிக் கோட்டைத் தாண்ட 8 நொடி. பந்தை முன்னால் கொண்டுபோக வேண்டிய புதிய கார்டு, பந்து கைக்கு வந்ததும் தலையைக் குனிந்து டிரிபிள் செய்துகொண்டு (தரையில் தட்டிக்கொண்டு) சைடு லைன் ஓரமாக ஓடுவாள். எதிரணிக்கு வேண்டியதும் அதுதான்: இருவர் மறிக்க, கோடே மூன்றாவது ஆளாகிவிடும். லீக் நடந்த வாரங்களில் பயிற்சி முழுக்க இதற்கே போனது. பந்தை வாங்கியவள் முதலில் திரும்பி முன்னால் பார்க்க வேண்டும், தரையில் தட்டக் கூடாது. உயரமான பெண் ஒருத்தி நடுவட்டத்தை நோக்கி ஓடி வந்து கை தூக்க வேண்டும். பந்து தடுப்பவர்களின் தலைக்கு மேலாக அவளுக்குப் போக வேண்டும், அவள் அதை எதிர்ப்பக்க ஓரத்தில் ஓடுபவளுக்குத் தள்ள வேண்டும். மூன்று பாஸ், டிரிபிள் கிடையாது. கடைசிச் சனிக்கிழமை நான்காம் குவார்ட்டரில், 34–33 என்று நாம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, இதே மூன்று பாஸில் பந்து முன்னால் போய் லே-அப் (வளையத்தருகே ஓடிப் போடும் ஷாட்) விழுந்தது. அடுத்த முறையும் பிரஸ் போட்டார்கள், மீண்டும் அதே மூன்று பாஸ். 37–34. கோப்பிலிருக்கும் ரோஸ் தாள் அந்த ஆட்டத்துடையது.

ஃப்ரீ த்ரோ இன்னும் கவலைக்கிடம்: 118 எறிந்து 41 விழுந்தது. பாதிப் பழி பந்தின்மேல். நவம்பர் வரை பிள்ளைகள் பழகியது ஆண்கள் அணி கழித்துப்போட்ட 7-ஆம் எண் பந்தில். பெண்களுக்கு 6-ஆம் எண். 7 சுற்றளவில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் பெரியது, எடையும் கூடுதல். கனமான பந்தில் பழகிய கை ஆட்டத்தில் லேசான பந்தைப் பலகையில் அடிக்கும். மன்ற நிதியில் 6-ஆம் எண் ரப்பர் பந்து எட்டு, காம்போசிட் (செயற்கைத் தோல்) இரண்டு வாங்கினோம். சிமெண்ட் தரையில் காம்போசிட் சில மாதத்தில் வழுக்கையாகி, தூசி பட்டால் கையில் நிற்காது. அதனால் போட்டிக்கு முந்தின பத்து நாளுக்கு மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறோம். காற்றடிக்கும் ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள் என்று அறைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்ததால்தான் பழைய பந்துகள் பல வீணாயின. மீதிப் பாதிப் பழி, ஓய்ந்திருக்கும்போது ஐம்பது எறிந்து பழகுவது. ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ மூச்சு வாங்கும்போதுதான் வரும். இப்போது இரண்டு முறை கோர்ட் நீளம் ஓடிவிட்டு இரண்டே இரண்டு எறிகிறார்கள்.

மேற்குப் பக்க வளையம் ஞாயிறுகளில் பையன்கள் தொங்கியதில் முன்பக்கம் சாய்ந்திருந்தது. போல்ட்டுகளை மாற்றி, ஸ்பிரிங் வாஷர் போட்டு, 3.05 மீட்டருக்கு மட்டம் பார்த்தாயிற்று. புது வலையும் போட்டோம்.

கணுக்கால் சுளுக்கு மூன்று பேருக்கு, முழங்கால் வலி ஒருத்திக்கு. முழங்கால் தசைநார்க் காயம் இந்த விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதல். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்கும் பயிற்சியை வார்ம்-அப்பில் பத்து நிமிடம் சேர்த்திருக்கிறோம்.

வரவு செலவு ஏறத்தாழச் சமமாக முடிந்திருக்கிறது. நடுவர் படி, வேன் வாடகை, பந்து, ஜெர்சி ஆகியவையே பெருஞ்செலவு. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். பற்றாக்குறை வந்த இடத்தில் இரண்டு உறுப்பினர்கள் கைக்காசு போட்டார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

சந்தா ஆண்டுக்கு 500 ரூபாய். பதிவேட்டில் 64 பேர், செலுத்தியவர்கள் 23 பேர். நிலுவையில் சிலருடையது மூன்றாண்டு. ஒரு சனிக்கிழமைக் காலை அணிகளுக்கு இட்லி, வாழைப்பழம், தண்ணீர் என்று கொடுப்பதை இந்தச் சந்தாவில்தான் செய்கிறோம். வெறும் வயிற்றில் முதல் பேருந்து பிடித்து வரும் பெண்ணுக்கு மூன்றாம் குவார்ட்டரில் கால் ஓயாமல் என்ன செய்யும்?

கோர்ட்டைப் பெருக்கித் தந்த ஊழியர்களுக்கும், விடுதிக் காப்பாளருக்கும், மூன்று கல்லூரிகளின் உடற்கல்வித் துறையினருக்கும், நடுவர்களுக்கும், சனிக்கிழமை மகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி. ஒன்பது இடத்தை நிரப்பிய உறுப்பினர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று கல்லூரிகளும் லீக்கைத் தொடரச் சம்மதித்திருக்கின்றன, இம்முறை நாக்-அவுட் போட்டிகளுக்கு முன்பே, ஆகஸ்டில் தொடங்க விரும்புகின்றன. கல்லூரிப் பேருந்து மாலை 4.10-க்கே கிளம்பிவிடுவதால் வீட்டிலிருந்து வரும் மாணவியர் பயிற்சிக்கு நிற்க முடிவதில்லை. வாரம் இரண்டு நாளாவது ஒரு பேருந்தைத் தாமதித்து விடக் கேட்டு நிர்வாகத்துக்கு மன்றம் எழுதிய கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. அந்த ஒன்று நடந்தால் பெஞ்சில் பத்துப் பேர் உட்காருவார்கள். நிர்வாகத்தோடு பழக்கமுள்ள மூத்த உறுப்பினர்கள் நேரில் போய்ப் பேசினால் பலன் உண்டு என்று நம்புகிறேன்.

செயலாளர் பொறுப்புக்கு இன்று தேர்தல். யார் வந்தாலும் கோப்பு, பட்டியல், பலகைகள் எல்லாம் ஒரே பெட்டியில் தயாராக உள்ளன. நடுவர்களுக்கும் வேனுக்கும் ஜூலை 15-க்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டும். அதற்குள் குறைந்தது 40 பேரின் சந்தா வந்தால்தான் அது முடியும். ஜூன் கடைசி ஞாயிறு காலை 7 மணிக்கு மைதானத்தில் மேசைப் பயிற்சி. எட்டுப் பேர் தேவை. பெயர் கொடுக்கும் தாள் பொருளாளர் மேசையில் இருக்கிறது, புறப்படும் முன் பார்க்கவும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவன்புடன்,
செயலாளர்