அந்த மணலில்தான் குடிதண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமைக்கவும் தூங்கவும் வசதியுள்ள கேம்பர்வேனில் பாம்பன், தங்கச்சிமடம், தனுஷ்கோடி என ஒரே நாளில் சுற்றிவரும் பயணக் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தனுஷ்கோடியில் திறந்துவிடலாம், மணல் குடித்துவிடும் என்று போகிறபோக்கில் ஒரு வரி. அதே மணலைத் தோண்டித்தான் அங்குள்ளவர்கள் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புத்தண்ணீரின் மேல் ஏடுபோல் நிற்கிறது. மூன்று நான்கு அடி தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, கலங்காமல் சிரட்டையால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அப்புறம் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். ஒரு கேம்பர்வேனின் கழிவுநீர்த் தொட்டி 50 முதல் 100 லிட்டர் வரை பிடிக்கும். சோப்பும் எண்ணெயும் கலந்த அத்தனையையும் ஊற்றுக்குப் பக்கத்தில் திறந்துவிட்டால் அது எங்கே போய்ச் சேரும்? வண்டியின் கழிப்பறைப் பெட்டியில் ஊற்றும் நீல மருந்து அதைவிட மோசம்.

வண்டியை மணலில் இறக்கிக் கடலோரமாக நிறுத்தச் சொல்லியிருப்பதும் தவறு. சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கட்டில் எல்லாம் ஏற்றிய வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கினாலே சக்கரம் புதையும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் குழி பறிக்கும். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, முன்னால் மணலைத் தள்ளிவிட்டு மெதுவாக எடுத்தால் ஒருவேளை வரும். இல்லாவிட்டால் கரைவலை இழுப்பவர்கள் கயிற்றை விட்டுவிட்டு வந்து தள்ள வேண்டும். வலை கடலில் கிடக்கும்போது அந்தக் கயிறு கரையில் நீளமாக ஓடும், பாதி மணலுக்குள் மறைந்திருக்கும். அதன்மேல் டயர் ஏறினால் நார் அறுந்துபோகும்.

தங்கள் இதழில் தனுஷ்கோடி என்றாலே '1964 புயலில் அழிந்த பேய் நகரம்' என்றுதான் வருகிறது. சர்ச் சுவர் படமும் தவறாமல் வருகிறது. அந்தச் சுவருக்கு எதிரே ஓலைக் குடிசையில் சமைத்து, பிள்ளை வளர்த்து, கருவாடு காயவைக்கும் மனிதர்கள் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை. ஆளே இல்லாத ஊர் என்று எழுதி எழுதித்தான், கழிவுநீரைக் கொட்டலாம் என்ற துணிச்சல் வந்திருக்கிறது. பல வருட வாசகன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக, நிலம் முடியும் அரிச்சல்முனைக்கு 9.5 கிலோமீட்டர் சாலை 2017இல் திறந்ததிலிருந்து எந்த வண்டியும் போய்வரலாம். மாலையில் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும், இரவு தங்க முடியாது. ஆகவே காலையிலேயே போய்த் திரும்பும் பயணத்துக்கு, 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு போதும். முந்தின இரவு தங்கும் ராமேசுவரம் விடுதியில் கேட்டுக்கொண்டு, அவர்கள் கழிப்பறையிலேயே தொட்டியைக் காலி செய்து, வால்வை இறுக மூடிவிட்டுப் புறப்படலாம்.

அடுத்த இதழில் இந்த இரண்டு வரியை மட்டும் திருத்தமாகப் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வந்தாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ராமேசுவரம்.