சுற்றுச்சுவர் அரிப்புக்குப் பூச்சு மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சுவரில் செங்கல் பொரிந்து உதிரத் தொடங்கியதும் அதன்மேல் கெட்டியாகச் சிமென்ட் பூசிவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நானும் அப்படி நம்பி, சுண்ணாம்புக் காரையில் கட்டிய எங்கள் பழைய சுற்றுச்சுவரை அடி முதல் தலை வரை பூசச் செய்தேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. செங்கற்களின் முகமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

செங்கல் நுண்துளைகள் நிறைந்த பொருள். மண்ணிலிருந்து அதன் வழியே ஏறும் ஈரம், கரைந்த உப்பையும் சேர்த்தே கொண்டு வருகிறது. ஈரம் உலரும் இடத்தில் உப்பு படிகமாகிறது. அது சுவரின் வெளிப்பரப்பில் வெள்ளையாகப் பூத்தால் பெரிய கேடில்லை. உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம். (தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வீண்வேலை, அதே உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.) பரப்புக்குச் சற்று உள்ளே படிகமானால்தான் தொல்லை, படிகம் வளரும் அழுத்தம் தாங்காமல் செங்கல்லின் முகம் தகடு தகடாக உரிகிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். கெட்டியான சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளேயே தங்கி, முன்பு எட்டாத உயரத்துக்கும் ஏறுகிறது.

ஆகவே கொத்தனாரை அழைக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். எங்கள் சுவரில் காரணம் இரண்டு: பூச்செடிகளுக்காகச் சுவரை ஒட்டிக் குவித்திருந்த மண், ஈரத்தடுப்பு வரிக்கு (மண்ணின் ஈரம் மேலே ஏறாமலிருக்கச் சுவரின் அடிப்பகுதியில் வைக்கும் அடுக்குக்கு) மேலேயே நின்றது, சுவரின் தலையில் மழைநீர் வழிந்து விலகிச் சொட்டும்படியான மூடுகல்லும் இல்லை. மண் மட்டத்தை அந்த வரிக்கு 15 செ.மீ. கீழே இறக்கிய பிறகு, சுவர் உலரப் பல மாதங்கள் பொறுக்க வேண்டியிருந்தது.

செங்கற்களுக்கு இடையே காரை நிரம்பிய சந்துகளை அடைக்கும் வேலையில் அவசரம் கூடாது. 10 மி.மீ. சந்தாக இருந்தால் 20 முதல் 25 மி.மீ. ஆழம் வரை பழைய காரையை உளியால் சுரண்டி எடுத்து, தூசி நீக்கி, நனைத்துவிட்டுப் புதுக் கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். இயந்திரத்தால் அறுத்தால் வேலை விரைவில் முடியும், ஆனால் செங்கல்லின் விளிம்பும் சேர்ந்து போகும். கலவை செங்கல்லைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் ஏற்கத் தயங்குகிறார்கள். காரை தேய்ந்தால் மறுபடி அடைக்கலாம், கல் தேய்ந்தால் கல்லையே மாற்ற வேண்டுமல்லவா? பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவையே பொருந்தும். சிமென்டில் கட்டிய சுவருக்குச் சிமென்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 என்ற கலவை பெரும்பாலும் போதும். அடைத்த சந்து வெயிலில் சடுதியில் காய்ந்துவிடாமல் குறைந்தது ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும்.

தட்டினால் மந்தமாக ஒலித்து, நகம் பட்டாலே பொடியாகும் கற்களை மட்டும், அடுத்தடுத்த கற்களை ஒரே நேரத்தில் பெயர்க்காமல், ஒவ்வொன்றாக எடுத்து மாற்றலாம். முகம் மட்டும் கெட்டிருந்தால் அதே கல்லைத் திருப்பி வைத்துக் கட்டலாம். எங்கள் சுவரில் சில கற்கள் அப்படித் தப்பின. தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும்போது சுவர் சாய்ந்தோ வயிறு தள்ளியோ இருந்தால் இந்த ஒட்டுவேலை உதவாது. அந்தப் பகுதியை அடித்தளம் வரை பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

மாற்றிய கற்களின் நிறம் பழைய கற்களோடு இன்னும் ஒத்துப்போகவில்லை. அதை மறைக்க வண்ணம் அடித்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். ஈரம் வெளியேறும் வழியை மறுபடி அடைக்க மனமில்லாததால் அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்