சதுப்பனின் கால்விரல்களை எண்ணிய நடுவர்களுக்கு

டிஜிட்டல் ஓவியப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும் அவற்றின் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஓவியன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளக் கூச்சப்படுகிறவன் நான். பகலில் கணக்கு எழுதுகிறேன். இரவு ஒன்பதரைக்கு மேல் டேப்லெட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உலகத்தில் இல்லாத மிருகங்களை வரைகிறேன். அப்புறம், அந்த மிருகங்களோடு வாழக்கூடிய மனிதர்களை. ஆறு வருடமாக இதுதான் பழக்கம். இதில் காசு வருவதில்லை, வரவேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு கற்பனை உயிரினப் போட்டிக்குப் படம் அனுப்பினேன். எந்தப் போட்டி என்று சொல்லப்போவதில்லை. எனக்கு நடந்ததே வேறு சிலருக்கும் நடந்திருப்பதால், நடுவர் நாற்காலியில் உட்காரும் எல்லாருக்குமாகவே இதை எழுதுகிறேன்.

நான் அனுப்பியது சதுப்பன். பெயர் நானே வைத்ததுதான். நாரையின் கழுத்தும் அலகும், பூனையின் உடம்பும் கால்களும், வௌவாலின் இறக்கைகள். சதுப்பு நிலத்தில் சாய்ந்து கிடக்கும் ஒரு மரத்தின்மேல் நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது. பக்கத்தில், அதன் கழுத்தில் கை வைத்தபடி ஒரு படகுக்காரக் கிழவி. தோளில் கயிறு. மூன்று மாத இரவுகள் அதற்குப் போயின.

பதில் மூன்று வரியில் வந்தது. முன்காலில் ஐந்து விரல், பின்காலில் நான்கு விரல், எண்ணிக்கை ஒத்துவரவில்லை. கிழவியின் சுண்டுவிரல் இயல்புக்கு மாறாக வளைந்திருக்கிறது. தோளில் இருக்கும் கயிறு கழுத்துக்குப் பின்னால் போய் மறுபக்கம் வெளியே வரவில்லை. ஆகவே இது செயற்கை நுண்ணறிவு (ஏஐ) தயாரித்த படம் என்று கருதி நீக்குகிறோம். மறுப்பு இருந்தால் வரைந்த வீடியோவை 24 மணி நேரத்துக்குள் அனுப்பவும்.

சரி, விரலில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு பூனையை மடியில் வைத்து (அது சம்மதித்தால்) விரல்களை எண்ணிப் பாருங்கள். முன்காலில் ஐந்து, பின்காலில் நான்கு. அந்த ஐந்தாவது விரல் தரையைத் தொடாமல் உள்பக்கமாக மேலே ஏறி நிற்கும். பூனையின் காலடித் தடத்தில் நான்கு விரல்தான் பதியும் என்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. நாய்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். எனக்கும் இது தெரியாது. முதல் வரைவில் நான்கு காலிலும் ஐந்தைந்தாகத்தான் போட்டிருந்தேன். திரையை எட்டிப் பார்த்த என் அக்கா மகன், வீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, பின்னாடி நாலுதான் இருக்கு" என்றான். ஒன்பது வயது. அன்றைக்கு இரவே பின்கால்கள் இரண்டையும் அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தேன்.

அப்படியே விட்டிருந்தால் உங்கள் சோதனையில் தேறியிருப்பேன். சரியாக வரைந்ததால்தான் இயந்திரம் ஆனேன்.

கற்பனை மிருகம்தானே, எப்படி வரைந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வேலையின் ருசியே அங்கேதான் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். லியோனார்டோ டா வின்சியின் குறிப்புகளில் இதற்கு ஒரு யோசனை இருக்கிறது: இல்லாத விலங்கை இருப்பதுபோல் காட்ட வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பையும் இருக்கிற ஏதோ ஒரு விலங்கிடமிருந்து எடு. தலைக்கு வேட்டை நாய், கண்ணுக்குப் பூனை, காதுக்கு முள்ளம்பன்றி, கழுத்துக்கு ஆமை என்று போகிறது அந்தப் பட்டியல். சிங்க உடம்பில் யானைத் துதிக்கையைப் பொருத்தி யாளி செதுக்கியவர்களும் இதைத்தான் செய்தார்கள். எடுத்து ஒட்டுவது சுலபம். ஒட்டிய இடம் தெரியாமல் செய்வதில்தான் தூக்கம் போகும்.

சதுப்பனுக்கு நான்கு கால், இரண்டு இறக்கை, மொத்தம் ஆறு. இது ஒரு பெரிய தலைவலி. நிலத்தில் வாழும் முதுகெலும்பு உள்ள விலங்குகள் எதற்கும் நான்குக்கு மேல் கை கால் கிடையாது. பறவையின் இறக்கை என்பது அதன் முன்கால்தான். வௌவாலுக்கும் அப்படியே: கட்டைவிரல் தனியாக நகத்தோடு நிற்க, மற்ற நான்கு விரல்களும் நீண்டு சவ்வைத் தாங்குகின்றன. டைனோசர் காலத்து டெரோசார்களுக்கு நான்காவது விரல் ஒன்றே இறக்கை முழுவதையும் தாங்கியது. ஆக, முன்காலும் வேண்டும், இறக்கையும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டாவதாக ஒரு ஜோடித் தோள்பட்டை வேண்டும். அதை எங்கே வைப்பது? இறக்கையை அடிக்கிற மார்புத் தசை எங்கே போகும்? நான் இரண்டாவது தோள்பட்டையை முதலாவதற்குச் சற்றுப் பின்னால் தள்ளி, மார்பை நாரைக்கு இருப்பதைவிட ஆழமாக்கி, இணைகிற இடத்தைப் பிடரி மயிரால் மூடிவிட்டேன். ஏமாற்று வேலைதான். எந்த லேயரில், அதாவது படத்தின் எந்த அடுக்கில், அந்த ஏமாற்று நடந்தது என்று கேட்டால் காட்டுவேன்.

இறக்கையின் அளவு அடுத்த தொல்லை. முதலில் போட்டதைப் பார்த்த நண்பர் ஒருவர், இது பறக்குமா, கோழி மாதிரி வேலி தாண்டுமா என்று கேட்டார். அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். பறந்த உயிரினங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான குவெட்சல்கோட்லஸ் என்ற டெரோசாருக்கு இறக்கை விரிப்பு 10 மீட்டருக்குக் குறையாது. சதுப்பன் அதைவிடச் சிறியது என்றாலும், என் படத்தில் இருந்தது வெட்கக்கேடான அளவு. இறக்கையை இரண்டரை மடங்காக்கினேன். அது படத்துக்குள் அடங்கவில்லை. மடித்தேன். மடித்ததும் சவ்வு எங்கே சுருங்கும், பின்னால் இருந்து வரும் சாயங்கால வெளிச்சம் அதன் வழியே எந்த நிறத்தில் ஊடுருவும் என்ற கேள்வி வந்தது. டார்ச்சைக் கையால் மூடிப் பார்த்தால் விரலிடுக்கில் சிவப்பாகத் தெரியுமே, அந்த நிறம். அதைப் பிடிக்க மட்டும் ஒரு வாரம்.

பின்னங்காலைப் பற்றியும் ஒன்று. பூனையின் பின்காலில் பின்பக்கமாக மடிவது முழங்கால் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. இது புரிந்த நாளில் என் பழைய மிருகங்கள் எல்லாம் நொண்டிகளாகத் தெரிந்தன.

கிழவியின் சுண்டுவிரலுக்கு வருகிறேன். அது என்னுடையது. கைகளை வரைவது எனக்கு வராது. அதனால் என் இடது கையையே போட்டோ எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எப்போதும் வரைகிறேன். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டி உடைந்து, கோணலாகவே சேர்ந்துவிட்ட விரல் அது. நான் வரைந்த மனிதர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கோணல் இருக்கிறது.

கயிறு. நீங்கள் சொன்னது சரி. அது என் பிழை. இரவு ஒரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், கயிறு இருந்த இரண்டு லேயர்களில் ஒன்றை மறைத்து வைத்ததை மறந்துவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். இதற்காக மதிப்பெண்ணைக் குறைத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2022இல் அமெரிக்காவில் கொலராடோ மாநிலக் கண்காட்சியின் டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசு, மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் உருவான படத்துக்குப் போனது. இப்படிப்பட்ட கருவிகளைப் பழக்குவதற்காக அதே ஆண்டு வெளியான லயன்-5பி என்ற தரவுத் தொகுப்பில் 585 கோடிப் பட இணைப்புகள், அவற்றுக்கான விவரக் குறிப்புகளோடு இருந்தன. வரைந்தவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் இணையத்திலிருந்து திரட்டியவை. அந்த டிசம்பரில், ஓவியர்கள் தங்கள் படங்களைக் காட்சிக்கு வைக்கும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் அவர்கள் ஏஐ எதிர்ப்புப் படங்களை ஏற்றி முகப்பையே நிரப்பியபோது நானும் அவர்கள் பக்கம்தான் இருந்தேன், இன்றும் இருக்கிறேன். இரண்டு வரி தட்டச்சு செய்து வாங்கிய படத்தோடு என் மூன்று மாதத்தைப் போட்டிக்கு விடுவதில் எனக்கு மட்டும் என்ன ஆசை? நீங்கள் வடிகட்டத்தான் வேண்டும்.

ஆனால் முடிந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு விரலை எண்ணி வடிகட்ட முடியாது. 2024இல் ஒரு புகைப்படப் போட்டியின் ஏஐ பிரிவில் பரிசுக்குத் தேர்வானது தலையில்லாத பூநாரை ஒன்றின் படம். அது நிஜமான பறவை, கேமராவில் எடுத்த படம். வயிற்றைச் சொறிவதற்காகத் தலையை உள்ளே மடக்கியிருந்தது, அவ்வளவுதான். எடுத்தவர் உண்மையைச் சொன்னதும் நீக்கிவிட்டார்கள். விசித்திரமாக இருப்பதெல்லாம் இயந்திரம் செய்தது என்றால் பூநாரைக்கே இடமில்லை. என் சதுப்பன் எந்த மூலைக்கு?

1515இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெஃக்ட் டியூரர் உருவாக்கிய காண்டாமிருக மர அச்சுப்படத்தை நினைத்துக்கொள்கிறேன். அந்த மிருகத்தை அவர் பார்த்ததே இல்லை. லிஸ்பனுக்கு வந்து இறங்கிய ஒன்றைப் பற்றிக் கிடைத்த வர்ணனையையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்து வரைந்தார். உடம்பெல்லாம் இரும்புக் கவசம், கால்களில் செதில், போதாக்குறைக்குத் தோளுக்கு மேல் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. ஐரோப்பாவில் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகக் காண்டாமிருகம் என்றால் அந்தப் படம்தான். உங்கள் போட்டிக்கு அவர் அனுப்பியிருந்தால் கொம்பைக் காட்டி மூன்று வரியில் முடித்திருப்பீர்கள்.

ஏஐ படங்களைக் கண்டறியும் கருவி இருக்கிறதே என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கருவி சொல்வது ஒரு வாய்ப்புக் கணக்கு. அதைத் தீர்ப்பாக வாசிக்கக் கூடாது. ஓர் எழுத்து ஏஐ எழுதியதா என்று சோதிக்க ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அந்த நிறுவனமே அதை எடுத்துவிட்டது. அது எழுத்துக்கான கருவி, படம் வேறு. ஆனாலும் அந்த எச்சரிக்கை இங்கேயும் உதவும்.

வீடியோ என்னிடம் இல்லை. புரோக்ரியேட் என்ற செயலியில் வரைபவர்களுக்கு அது தானாகவே பதிவாகிவிடும். நான் பயன்படுத்துவது கிரிட்டா, இலவச மென்பொருள். அதிலும் பதிவு வசதி உண்டு, ஆனால் நாமாக அதை இயக்கிவிட வேண்டும். நான் இயக்கவில்லை, வேண்டியிருக்கும் என்று விதிமுறையில் இல்லை. காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்து, பாதியை ஒரு செயலியிலும் மீதியை இன்னொன்றிலும் முடிப்பவர்களிடமும் முழு வீடியோ இருக்காது.

என்னிடம் இருப்பது மூலக் கோப்பு. 2480க்கு 3508 பிக்சல், 61 லேயர். அதில் வெறும் நிழலுருவாகப் போட்டுப் பார்த்த பதினோரு சதுப்பன்கள் மறைந்து கிடக்கின்றன. ஒன்று மிகவும் அசிங்கம், ஒட்டகம் மாதிரி. முதலில் போட்ட கோழி இறக்கை இருக்கிறது. "பின்கால் பழசு" என்ற பெயரில் ஐந்து விரல் கால்களும் இருக்கின்றன. அழித்தேன் என்று மேலே சொன்னேன், மனசு வராமல் ஒரு நகலை வைத்திருந்தேன். இதையெல்லாம் அன்றைக்கே அனுப்பினேன், பென்சில் கோட்டுருவத்தின் போட்டோவோடு. பதில் இல்லை. மறுநாள் நீக்கப்பட்டவர்கள் பட்டியல் வெளியானது, காரணத்தோடு, முழுப் பெயரோடு.

அந்தப் பட்டியலைப் பார்த்தது அலுவலக நண்பர்கள் மட்டும் இல்லை. "மாமா, நீங்க நிஜமாவே வரையலையா?" என்று கேட்டான் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவன். விரல் விஷயம் அவனுக்குத் தெரியும். ஆனாலும் பெரியவர்கள் அச்சடித்துப் போட்டிருக்கிறார்களே என்ற குழப்பம் அவன் முகத்தில் இருந்தது. உங்கள் பரிசு கிடைக்காதது எனக்கு ஒரு பொருட்டில்லை. இது பொருட்டு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சான்று வேண்டும் என்றால் போட்டி அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். வரைய ஆரம்பிக்கும் முன்பே பதிவை இயக்கிவிடுகிறோம். வீடியோ மட்டும்தான் சான்று என்று இருக்காதீர்கள். லேயர் கோப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்றுக்கொண்டால் திறந்து பாருங்கள். பகலில் வேறு வேலை செய்பவர்களுக்கு 24 மணி நேரம் என்பது ஓர் இரவு; ஒரு வாரமாவது கொடுங்கள். சந்தேகம் வந்தால் பத்து நிமிடம் கூப்பிட்டுப் பேசுங்கள். இந்த இறக்கை எந்த எலும்பிலிருந்து கிளம்புகிறது என்று கேளுங்கள். வரைந்தவன் நிறுத்தாமல் பேசுவான், நீங்கள்தான் போதும் என்று சொல்ல வேண்டியிருக்கும். விசாரணை முடியும்வரை யார் பெயரையும் வெளியே போடாதீர்கள். நடுவர்களில் ஒருவராவது உயிரினங்களை வரைந்து பழகியவராக இருந்தால் நல்லது. பூனை வளர்ப்பவராக இருந்தாலும் போதும்.

கயிற்றை நான் இன்னும் திருத்தவில்லை. நீங்கள் திறந்து பார்க்கும்வரை அனுப்பியபடியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். மறைந்திருக்கும் பாதி 43ஆவது லேயரில் இருக்கிறது. இடப்பக்கம் உள்ள கண் அடையாளத்தை ஒருமுறை தட்டினால் தெரியும்.

இப்படிக்கு,
சதுப்பனை வரைந்தவன்